தொட்டிலுக்குப் போன மேஸ்திரி

மேஸ்திரியின் கையைத் தகரம் வெட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் தகரமே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் கையை வெட்ட விரும்பும் தகரம் முதலில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும், மேஸ்திரி சம்மதித்தால் வெட்டலாம், அதுவும் மரியாதையாக வெட்ட வேண்டும் என்று பட்டறையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் வேறு யார், மேஸ்திரிதான்.

அது பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள் செய்கிற பட்டறை. தாள் தாளாக வரும் தகரத்தை அளந்து, வெட்டி, மடித்து, ஒரு விளிம்பை இன்னொரு விளிம்புக்குள் கோத்துச் சுத்தியலால் தட்டிப் பூட்டுவார்கள். சத்தம் என்றால் சாதாரணச் சத்தமா? அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் வீட்டில் சாதாரணமாக உப்புக் கேட்டால், அடுத்த தெருவில் இருப்பவர்கள் உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

புதிதாக வெட்டிய தகரத்தின் விளிம்பு சவரக் கத்திக்கே சவரம் செய்துவிடும். கீறல் படாத கை அந்தப் பட்டறையில் கிடையாது. அதற்காகவே சாமான் அறையில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தது. பஞ்சு, மருந்து, கட்டுத் துணி எல்லாம் அதில் உண்டு. அந்தப் பெட்டிக்கு மேஸ்திரி வைத்த பெயர் 'தொட்டில்'.

"என்ன கண்ணு, தொட்டிலுக்குப் போறியா?"

யாராவது விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாலே மேஸ்திரி இப்படி ஆரம்பிப்பார். உடனே மொத்தப் பட்டறையும் சுத்தியலை நிறுத்திவிட்டு "ஆராரோ" என்று இழுக்கும். ஒரு முறை, கண்ணாடி பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிற ஒரு ஆள், கட்டைவிரலில் பட்ட கீறலைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியைத் திறந்து கட்டுப் போட்டுக்கொண்டான். அன்றோடு அவன் பெயர் 'பாப்பா' ஆகிவிட்டது. சம்பள நாளில் அவன் பெண்டாட்டியே வாசலில் வந்து நின்று, "பாப்பா இருக்காருங்களா?" என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கீறல் பட்டால் கழுவுவான், கட்டுவான், தாலாட்டைக் கேட்டுக்கொண்டே வேலைக்குத் திரும்புவான்.

மேஸ்திரியின் வைத்தியம் தனி. குழாயின் மூட்டில் ரப்பர் பட்டை ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. விட்ட மாத்திரத்தில் இறுகிவிடும். கீறல் மேல் அதில் ஒரு சொட்டு, மேலே ஒரு ஊதல். "வெல்டிங் முடிஞ்சுது, அடுத்த வேலையப் பாருங்கடா!" இரத்தமும் பயந்துபோய் உள்ளேயே நின்றுவிடும். பாப்பாவைத் தவிர மற்றவர்களும் அவர் கண்ணெதிரில் அதையேதான் செய்வார்கள்.

அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. தாளின் மூலையை நறுக்கும்போது துண்டு ஒன்று துள்ளி மேஸ்திரியின் வலது நடுவிரலின் உள்பக்கத்தில் கோடு போட்டுவிட்டுப் போயிற்று. எறும்புக்கு மீசை இருந்தால் அதன் நீளம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையில் அப்போது மிஷின் எண்ணெய் இருந்தது, தகரத் தூள் இருந்தது, முந்தின வாரத்துத் துருவும் மிச்சம் இருந்தது. மேஸ்திரி அதைத் துடைக்கக்கூட இல்லை. சொட்டு, ஊதல், முடிந்தது. திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டியாயிற்று.

மறுநாள் திருடன் உள்ளே நடமாட ஆரம்பித்தான். விரல் சுட்டது. விண் விண் என்று தெறித்தது. உடம்பில் இருக்கிற ஒரு இதயம் போதாதென்று விரலுக்குள் தனியாக ஒன்று முளைத்தது போலிருந்தது, அதுவும் மேலிருப்பதைவிடச் சுறுசுறுப்பாக. தோலும் செக்கச் செவேலென்று பளபளத்தது. யார் கண்ணிலாவது பட்டால்? மேஸ்திரிக்கு உடனே காதில் தாலாட்டுக் கேட்டது. மூலையில் கிடந்த தோல் கையுறையில் ஒன்றை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டார்.

மடிப்பு மிஷினில் நிற்கிற குச்சி என்ற ஒல்லி ஆளுக்குக் கண் கூர்மை.

"என்ன மேஸ்திரி, உறை போட்டவன் எல்லாம் மாப்பிள்ளைன்னு சொல்வீங்களே, இன்னிக்கு உங்களுக்குக் கல்யாணமா?"

"புது சரக்குடா. முதலாளி சோதிச்சுப் பாக்கச் சொன்னாரு."

"ஒத்தைக் கைக்கு மட்டுமா?"

"ஒரு கைல போட்டு, ஒரு கைல போடாம பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும். இதுக்குப் பேரு விஞ்ஞானம். நீ மடி."

குச்சி மடித்தான். ஆனால் அந்த உறை புதுச் சரக்கு இல்லை, கட்டைவிரலில் ஓட்டை விழுந்த பழைய சரக்கு என்பது அவனுக்குத் தெரியும். பெரியவர்கள் பொய் சொல்லும்போது ஓட்டையைக் காட்டுவது நாகரிகம் இல்லை என்று விட்டுவிட்டான்.

சாயங்காலம் உறையைக் கழற்றப் பார்த்தபோதுதான் மேஸ்திரிக்கு விஷயம் புரிந்தது. அது வரவில்லை. விரல் உள்ளே வீங்கி உறையை நிறைத்துவிட்டது. இழுத்தார். கண்ணுக்குள் பல நிறங்களில் பொறி பறந்தது. இன்னொரு தடவை இழுத்தார். இந்த முறை, இறந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். உறையோடேயே வீட்டுக்குப் போனார்.

மேஸ்திரியின் மனைவி சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவர். ஆஸ்பத்திரி, விடுதி என்று பல இடங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற துணிகளைப் பிரித்து எடுத்து வைக்கிற வேலை. அந்த அம்மாளின் மூக்கு ஒன்று போதும், ஒரு மேலாளர், இரண்டு மேற்பார்வையாளர் வேலையைச் செய்துவிடும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பாதிச் சாப்பாட்டை மடியில் கொட்டிக்கொண்டிருந்த கணவரை அவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க இது, சாப்பிடும்போதும் உறை?"

"கம்பெனி சோதனை. எந்நேரமும் கழட்டக் கூடாதுன்னு உத்தரவு."

"குளிக்கும்போது?"

"அதுதான் முக்கியமான கட்டமே."

"உங்க முதலாளி நம்பரக் குடுங்க. என் புருஷனோட சோத்துக் கைய எப்பத் திருப்பித் தருவீங்கன்னு கேட்டுக்கறேன்."

"அவரு வெளியூர் போயிருக்காரு."

"உத்தரவு போட்டுட்டுப் போயிட்டாராக்கும்."

அன்று தப்பித்தார். காலையில் டீ டம்ளரை நீட்டும்போது மனைவி சட்டென்று குனிந்து உறையை முகர்ந்தார். முகம் மாறியது. அதுவரை இருந்த கேலி அந்த முகத்தை விட்டு எழுந்து போய்விட்டது.

"இது தோல் வாசனை இல்லைங்க. ஆஸ்பத்திரித் துணியில கட்டுப் பிரிச்ச துணின்னு தனியா வரும், அந்த மூட்டை வாசனை. கழட்டுங்க."

"வேலைக்கு நேரமாச்சு."

"கழட்டுங்கன்னா!"

"சாயங்காலம் பாக்கலாம்."

"சாயங்காலம் வாசல்லயே கத்தரிக்கோலோட நிப்பேன். உறைய வெட்டறதா உங்கள வெட்டறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கறேன்!"

மேஸ்திரி டீயைக்கூடக் குடிக்காமல் ஓடினார். வீட்டுக்குப் போனால் கத்தரிக்கோல், பட்டறைக்குப் போனால் தாலாட்டு. நடுவில் இருப்பது பஸ் ஒன்றுதான். அதில் எத்தனை நேரம் குடித்தனம் நடத்த முடியும்? கையைத் தொங்கவிட்டால் தெறித்தது. ஆகவே பஸ் முழுக்க மேலே தூக்கியே வைத்திருந்தார். கண்டக்டர் இரண்டு நிறுத்தங்களில் அவர் இறங்கப் போகிறார் என்று நினைத்து விசில் அடித்தார். முதுகுத் தண்டில் குளிர் ஏறியது. வெளியே வெயில் கொளுத்துகிறது, மேஸ்திரிக்கு மட்டும் பல் தந்தியடிக்கிறது.

பட்டறைக்குள் நுழைந்ததும் திட்டம் தயாராகிவிட்டது. மத்தியானம் எல்லாரும் பின்பக்க நிழலில் சாப்பிடப் போவார்கள். அப்போது யாருக்கும் தெரியாமல் சாமான் அறைக்குள் போய், உறையை வெட்டி எடுத்து, மருந்து போட்டு, வேறு ஒரு பெரிய உறையை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பட்டறைக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் காட்ட ஒரு கட்டு இருக்கும்.

மத்தியானம் வந்தது. மேஸ்திரி பூனை போல உள்ளே போனார். பூனை என்றால் பீப்பாய் அளவுப் பூனை. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் அந்தக் கதவின் குணம் நினைவுக்கு வந்தது. கீல் தொய்ந்துபோன கதவு அது. தாழ்ப்பாள் போட்டால் கதவு கீழே இறங்கி உட்கார்ந்து அதைக் கவ்விக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்க வேண்டும், மறு கையால் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். இரண்டு கை இருக்கிறவனுக்கான கதவு. சரி, முதலில் வைத்தியம், பிறகு கதவு என்று பெட்டியைத் திறந்தார்.

பெட்டி காலியாக இருந்தது.

சுத்தமாகக் காலி என்று சொல்ல முடியாது. மருந்துக் குப்பியின் அடியில் ஈ குளிக்கப் போதுமான ஒரு சொட்டு இருந்தது. பஞ்சுப் பொட்டலத்தில் பஞ்சு இல்லை. மேஸ்திரி திகைத்தார். மாதம் பிறந்தால் முதலாளி நிரப்பி வைக்கிற பெட்டி. பாப்பா ஒருவன்தானே இதற்கு வாடிக்கைக்காரன்? தற்செயலாக அலமாரியின் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே மலை போல் குவிந்து கிடந்தன கட்டுத்துணி சுற்றி வந்த காகிதங்கள். ஒளித்து ஒளித்து, கசக்கிக் கசக்கிப் போட்டவை. அதில் ஒரு காகிதம் விளிம்பெல்லாம் அளந்து வைத்தாற்போல மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு மிஷின் குச்சியைத் தவிர வேறு யாருக்கு அந்தப் பழக்கம்?

மொத்தப் பட்டறையும் தொட்டிலுக்கு வந்து போயிருக்கிறது! அவர் முன்னால் சொட்டு விட்டு, ஊதி, "வெல்டிங்!" என்று கத்தியவர்கள் எல்லாரும் அவர் தலை மறைந்ததும் கழுவிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை உண்மையாக நம்பிய ஒரே மடையன் இந்த உலகத்தில் அவர்தான்.

கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. தகரக் கத்தரியை இடது கையில் எடுத்தார். அது வலது கைக்காரனுக்குச் செய்த கத்தரி. இடது கையில் பிடித்தால் அலகு விலகி, வெட்டுவதற்குப் பதிலாக மென்றது. தோலைக் கடித்து, மென்று, துப்பி, கடைசியில் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் கிழிந்தது. மேஸ்திரி முழுக்கைச் சட்டையையும் மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

ஒரு சிவப்புக் கோடு. உறைக்குள்ளிருந்து புறப்பட்டு, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. தகரத்தில் வெட்டுக்கு அடையாளமாக அவரே கிழிக்கும் கோட்டைப் போல நேராக, துல்லியமாக. யாரோ அவர் கையை எங்கே வெட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி கதவுக்குப் பாய்ந்தார். இடது கையால் தூக்கினால் தாழ்ப்பாளை இழுக்கக் கை இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்தால் தூக்கக் கை இல்லை. தோளை முட்டுக் கொடுத்தார். முழங்காலைக் கொடுத்தார். தாழ்ப்பாளைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார், பல்தான் ஆடியது. வலது கையைக் கைப்பிடி மேல் வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். ஜன்னல் இல்லாத அறை. தலை சுற்றியது. சுவரில் சாய்த்திருந்த தகரத் தாளை இடது கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார். டமார், டமார்!

உலகத்தில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாலும் தகரத்தைத் தட்டினால் நாலு பேர் ஓடி வருவார்கள். தகரப் பட்டறையில் மட்டும் வர மாட்டார்கள். பின்பக்க நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தீட்டினார்கள்.

"மேஸ்திரி சாப்பாட்டு நேரத்திலயும் வேல செய்யறாரு போலடா."

"நாம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? எந்திரி, எந்திரி."

பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து, ஆளுக்கொரு சுத்தியலை எடுத்து விளாச ஆரம்பித்தார்கள். மேஸ்திரி உள்ளே தட்டத் தட்ட, அவர்கள் வெளியே இன்னும் உற்சாகமாகத் தட்டினார்கள். அவர் "டேய்" என்று அலறியது அவர் காதுக்கே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். குளிர் உலுக்கியது. கோட்டைப் பார்த்தார். ஏறியிருந்ததா? ஏறித்தான் இருந்தது. இந்த நாலு சுவருக்குள், தகரத் தாள்களுக்கு நடுவில், ஒரு எறும்பு மீசைக்காகச் சாகப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

திடீரென்று சுத்தியல்கள் நின்றன. "ஆராரோ" என்று இழுவை கிளம்பியது. யாரோ தொட்டிலை நோக்கி வருகிறார்கள்! கதவு வெளியிலிருந்து அசைந்தது.

"யாரு உள்ள? தாப்பா போட்டிருக்கு," என்றது பாப்பாவின் குரல்.

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கதவுக்கு வெளியே மொத்தப் பட்டறையும் தாலாட்டோடு நிற்கிறது. "ஒண்ணுமில்ல, கணக்குப் பாத்துட்டு இருக்கேன், அப்புறம் வா" என்றால் அவன் போய்விடுவான். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்து உட்கார்ந்தும்விட்டது. வெளியே காலடி திரும்புகிற சத்தம் கேட்டது.

"பாப்பா! போவாதடா! நான்தான்!"

தாலாட்டு பாதியில் அறுந்தது.

"மேஸ்திரியா? என்ன பண்றீங்க உள்ள?"

"கைல வெட்டிருச்சுடா! கழுவல, பசையப் போட்டுட்டேன், உள்ளயே சீழ் வெச்சுருச்சு. கோடு ஏறுதுடா. தாப்பாளத் தொறக்க முடியல, என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கடா!"

பட்டறை கட்டிய நாளிலிருந்து அங்கே அப்படி ஒரு அமைதி விழுந்ததில்லை. எதிர்த் தெருவில் கடை வைத்திருப்பவர் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வெளியே வந்து பார்த்தாராம். பிறகு பாப்பா சொன்னான்:

"நான் இந்தப் பக்கம் தூக்கறேன். நீங்க இழுங்க."

கதவு அப்படியே மேலே போயிற்று. கதவு மட்டுமா, கட்டடமே ஒரு சாண் எழும்பியது. மேஸ்திரி இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தார். வெண்ணெய் போல வந்தது. வெளியே நின்றவர்களில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அதுதான் அவரை நிஜமாகவே பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல கத்தரியால் உறையை நெடுக வெட்டி எடுத்தார். உள்ளே இருந்ததை விரல் என்று விரலே ஒத்துக்கொள்ளாது.

"எப்பப் பட்டது?"

"படவே இல்லீங்க. சும்மா கீறல்."

"கழுவினீங்களா?"

"ஒட்டினேன்."

"எதால?"

"குழாய்ல ரப்பர் ஒட்டற பசைங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க குழாய் இல்லீங்க. கீறின உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணில கழுவிச் சுத்தமா கட்டியிருந்தா இங்க வந்திருக்கவே வேண்டாம். வீங்கி, சூடானதும் வந்திருந்தாக்கூட மாத்திரையோட போயிருக்கும். அழுக்க உள்ள வெச்சுப் பூட்டிட்டு, மேல உறையும் மாட்டி வளத்திருக்கீங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்பப் போட்டீங்க?"

"எங்கம்மாவைத்தான் கேக்கணும்."

"அவங்க எங்க?"

"போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு."

ஊசி போட்டார்கள். விரலைக் கீறிச் சீழை வெளியே எடுத்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க இடது கையில் குழாய் சொருகினார்கள். வலது கையைக் கம்பியில் தூக்கிக் கட்டினார்கள். கடைசியாக டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக ஒரு நீலக் கோடு போட்டார்.

"காலைல பாப்போம். சிவப்பு இதுக்குள்ள நின்னா மருந்து கேக்குது. தாண்டினா மறுபடி திறக்கணும். அப்ப விரலக் காப்பாத்தறதா, கையக் காப்பாத்தறதான்னு யோசிக்க வேண்டி வரும்."

இரண்டு கையும் கைதாகிப் படுத்திருந்தார் மேஸ்திரி. மூக்கு அரித்தால் சொறிய நாதி இல்லை. மனைவி வந்தார். கத்தரிக்கோல் இல்லை. திட்டவும் இல்லை, அதுதான் கொடுமை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்கை மட்டும் சொறிந்துவிட்டார். அறைக்கு நாலு சுவர் இருந்தன, மேஸ்திரி நாலையும் பார்த்துவிட்டார். நீலக் கோட்டை மட்டும் பார்க்கவில்லை. தகரத்தில் கோடு கிழித்தால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

விடிந்தது. டாக்டரம்மா வருவதற்கு முன்னால் வெளிச்சம் வந்துவிட்டது. மேஸ்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ பாரு. என்னால முடியாது."

நாற்காலி நகர்ந்தது. மனைவி எழுந்து குனிகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளியில் மேஸ்திரி தன் கையில்லாத வாழ்க்கையை முழுசாக வாழ்ந்து, கிழவராகி, செத்தும் போய்விட்டார்.

"நகந்திருச்சுங்க," என்றார் மனைவி.

"போச்சு."

"எந்தப் பக்கம்னு கேக்க மாட்டீங்களா?"

மேஸ்திரி திரும்பினார். நீலக் கோடு இருந்த இடத்தில் இருந்தது. சிவப்பு அதை விட்டு இறங்கி, மணிக்கட்டுப் பக்கம் மங்கலாகக் கிடந்தது. மனைவியின் கண் இரண்டும் அழுது அழுது பூசணிக்காயாக வீங்கியிருந்தன. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவி, ஒரு நிமிஷம் என் உயிரையே எடுத்துட்டியே!"

"நீங்க ரெண்டு நாளா என் உயிர எடுத்தீங்களே, அதுக்கு என்னங்க பேரு? விஞ்ஞானமா?"

பிறகு வந்த டாக்டரம்மா, கை பிழைத்தது, விரலும் பிழைக்கும், ஆனால் அந்த மூட்டு பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நர்ஸ் கட்டைப் பிரித்து, பழைய துணியை மெதுவாக உரித்தார். மேஸ்திரி பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"வலிக்குதா?" என்று கேட்டார் நர்ஸ்.

"சேச்சே," என்று ஆரம்பித்த மேஸ்திரி, மனைவியைப் பார்த்தார். நிறுத்தினார்.

"வலிக்குது," என்றார்.

சொன்னதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சின்ன வார்த்தையா? மறுபடி சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பட்டறைத் தொண்டை அல்லவா, நாலாவது தடவை சொன்னபோது வார்டு முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, மாடியிலிருந்து ஒரு டாக்டர் படியிறங்கி ஓடி வந்தார். நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மனைவி மட்டும் பொத்திக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.